அலர்ஜி மருந்தும் பிள்ளைகளின் துறுதுறுப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தூக்கம் வரவைக்கும் சிரப் என்றுதான் சொன்னார்கள். கொடுத்த ஒரு மணி நேரத்தில் பிள்ளை வீட்டையே சுற்றி ஓடுகிறது. ஏன்?

மூளையின் அடிப்பகுதியில், ஹைப்போதலாமஸின் பின்பக்கத்தில் ஒரு சிறு நரம்புக் கூட்டம் இருக்கிறது. மூளையை விழிப்பாக வைத்திருக்கும் ஹிஸ்டமின் அங்கிருந்துதான் மற்ற பகுதிகளுக்குப் போகிறது. பழைய அலர்ஜி மருந்துகள் மூளைக்குள் எளிதாக நுழைந்து, அந்த ஹிஸ்டமின் போய் உட்கார வேண்டிய எச்1 ஏற்பிகளை அடைத்துவிடும். தூக்கம் வருவது அதனால்தான்.

ஆனால் இந்த மருந்துகளுக்கு ஒரே வேலை கிடையாது. அசிட்டைல்கோலின் ஏற்பிகளையும் அடைக்கும்; கவனம், நினைவு இரண்டுக்கும் அது வேண்டும். டைபென்ஹைட்ரமின், குளோர்பெனிரமின் இரண்டும் செரடோனின் திரும்ப உறிஞ்சப்படுவதையும் ஓரளவு தடுக்கும். ஆக, விழிப்பு பாதி இறங்கியிருக்கும், தன்னை அடக்கிக்கொள்ளும் திறன் முழுக்கக் கலைந்திருக்கும் என்பது ஓர் ஊகம்; சரியான காரணம் இன்னும் உறுதியாகத் தெரியவில்லை. கல்யாண வீட்டில் தூக்கம் தவறிய குழந்தை இரவு பதினொரு மணிக்குச் செய்யும் அழிச்சாட்டியத்தை நினைத்துக்கொள்ளுங்கள்; ஏறக்குறைய அதே நிலைதான். மருத்துவத்தில் இதை முரண் கிளர்ச்சி என்பார்கள். மருந்தின் விவரத்தாளிலேயே, குழந்தைகளுக்கு வரக்கூடிய பக்கவிளைவாக இது அச்சிடப்பட்டிருக்கும்.

சில பிள்ளைகளுக்கு மட்டும் இப்படி ஆவது ஏன்?

வயது முதல் காரணம். சிறு குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் இது அதிகம். இரண்டாவது, கல்லீரல் மருந்தை உடைக்கும் வேகம். டைபென்ஹைட்ரமினை உடைக்கும் நொதிகளில் முக்கியமானது சைப் 2டி6. சிலருக்கு இதன் மரபணுப் பிரதிகள் கூடுதலாக இருப்பதால் மருந்து மிக வேகமாக உடையும். டைபென்ஹைட்ரமினால் கிளர்ச்சி ஏற்பட்ட மூன்று பேரைப் பற்றி 2008இல் ஒரு கட்டுரை வந்தது. மூவருமே இந்த அதிவேக வகை. உடைந்து வரும் ஏதோ ஒரு துணைப்பொருள்தான் கிளர்ச்சியைத் தருகிறது என்பது அதை எழுதியவர்களின் ஊகம். மூன்று பேரை வைத்துச் சட்டம் எழுத முடியாதுதான். ஆனாலும், அண்ணனுக்கு ஒத்துக்கொண்ட சிரப் தம்பிக்கு ஒத்துக்கொள்ளாமல் போவதற்கு இது நம்பத்தகுந்த காரணம்.

எந்த மருந்து மூளைக்குள் போகும், எது போகாது?

இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். ஜப்பானின் தொஹோகு பல்கலைக்கழகத்தில் கசுஹிகோ யனாய் குழுவினர் பெட் ஸ்கேன் மூலம், ஒரு மாத்திரை போட்டபின் மூளையின் எச்1 ஏற்பிகளில் எத்தனை சதவீதம் அடைபடுகிறது என்று பெரியவர்களிடம் கணக்கிட்டார்கள். 50 சதவீதத்துக்கு மேல் அடைத்தால் தூக்க மருந்து, 20க்குக் கீழ் என்றால் தூக்கம் தராத மருந்து என்பது அவர்கள் வகுத்த எல்லை. டைபென்ஹைட்ரமின் 30 மி.கி. பாதிக்கு மேல் அடைக்கிறது. செட்ரிசின் 10 மி.கி. 12, 13 சதவீதம். அதையே 20 மி.கி. ஆக்கினால் 25 சதவீதத்தைத் தொடுகிறது. ஃபெக்ஸோஃபெனடின் கிட்டத்தட்ட பூஜ்யம்.

நம் வீடுகளில் புழங்கும் பெயர்களில் சொன்னால்: குளோர்பெனிரமின் (இலங்கையில் வீட்டுக்கு வீடு இருக்கும் பிரிட்டான் இதுதான்), டைபென்ஹைட்ரமின், புரோமெத்தசின், ஹைட்ராக்ஸிசின், சைப்ரோஹெப்டடின், கீட்டோடிஃபென் எல்லாம் முதல் தலைமுறை, அதாவது மூளைக்குள் எளிதாக நுழையும் பழைய வகை. செட்ரிசின், லீவோசெட்ரிசின், லோராடடின், டெஸ்லோராடடின், ஃபெக்ஸோஃபெனடின், பிலாஸ்டின் எல்லாம் இரண்டாம் தலைமுறை, மூளைக்குள் குறைவாகவே போகும் புது வகை. ‘புதுசு என்றால் தூக்கமே வராது’ என்பது செட்ரிசினுக்கு முழு உண்மை இல்லை. அளவு கூடினால் அதுவும் மந்தமாக்கும்.

வெளிநாட்டு உறவினர் கொண்டுவந்து கொடுக்கும் பாட்டிலில் ஒரு பொறி இருக்கிறது. பெனட்ரில் என்ற பெயரில் அமெரிக்காவில் விற்பது டைபென்ஹைட்ரமின். அதே பெயரில் பிரிட்டனில் விற்கும் அலர்ஜி மாத்திரைகளில் இருப்பது அக்ரிவாஸ்டின் அல்லது செட்ரிசின். அட்டையின் பெரிய எழுத்தை விட்டுவிட்டு, கீழே சின்ன எழுத்தில் இருக்கும் பெயரைப் படியுங்கள்.

துறுதுறுப்பு எப்போது தொடங்கும், எப்போது அடங்கும்?

பெரும்பாலும் அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்கும். குழந்தைகளின் உடலில் டைபென்ஹைட்ரமின் பாதியாகக் குறைய ஐந்து மணி நேரம் போல ஆகும். குளோர்பெனிரமினுக்குப் பத்து முதல் பதின்மூன்று மணி நேரம். ஆகவே இரவு எட்டு மணிக்குக் கொடுத்த குளோர்பெனிரமினில் பாதி காலையில் பள்ளி வேன் ஏறும்போதும் உடலில் இருக்கும். முதல் வகுப்பில் பிள்ளை நெளிந்துகொண்டே இருக்கிறது என்று ஆசிரியை சொன்னால், முந்தைய இரவு என்ன கொடுத்தோம் என்று யோசியுங்கள்.

எங்கள் சிரப்பில் அலர்ஜி மருந்து ஒன்று மட்டும்தானா இருக்கிறது?

பெரும்பாலும் இல்லை. பழி தவறான ஆளின் மேல் விழுவது இங்கேதான். லேபிளில் மூன்று விஷயங்களைத் தேடுங்கள்.

முதலாவது ஃபீனைல்எஃப்ரின். மூக்கடைப்புக்காகச் சேர்ப்பது. இது ரத்த நாளங்களைச் சுருக்கும் கிளர்ச்சி மருந்து. படபடப்பு, எரிச்சல், தூக்கமின்மை எல்லாம் இதன் பக்கவிளைவுகள். குளோர்பெனிரமின் 2 மி.கி., ஃபீனைல்எஃப்ரின் 5 மி.கி. சேர்ந்த சொட்டு மருந்தை நான்கு வயதுக்குக் கீழே கொடுக்கக் கூடாது என்று லேபிளில் எச்சரிக்கை அச்சிடும்படி இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2023 டிசம்பரில் உத்தரவிட்டது.

இரண்டாவது மான்டெலூகாஸ்ட். லீவோசெட்ரிசினோடு சேர்த்து ஒரே மாத்திரையாக, ஒரே சிரப்பாக நம் ஊரில் ஏராளமாக எழுதப்படுகிறது. மான்டெலூகாஸ்ட் அலர்ஜிக்கான மருந்துதான், ஆனால் ஆன்டிஹிஸ்டமின் (ஹிஸ்டமின் ஏற்பியை அடைக்கும் மருந்து) அல்ல. கெட்ட கனவு, ஆத்திரம், அமைதியின்மை, மனச்சோர்வு, தற்கொலை எண்ணம் வரைக்கும் பதிவானதால், அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2020 மார்ச்சில் இதற்குக் கட்டம் போட்ட எச்சரிக்கை, அதாவது தன் மிகக் கடுமையான எச்சரிக்கையைக் கொடுத்தது. இந்தக் கூட்டு மருந்து தொடங்கிய சில நாள், சில வாரத்தில் பிள்ளையின் குணமே மாறிவிட்டது என்றால், முதலில் சந்தேகிக்க வேண்டியது லீவோசெட்ரிசின் பாதியை அல்ல, மான்டெலூகாஸ்ட் பாதியை. மருத்துவரிடம் இரண்டையும் பிரித்து எழுதித் தரச் சொல்லிக் கேட்கலாம். ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கு மட்டும் அவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள்.

மூன்றாவது நிறமும் பதப்பொருளும். அதற்குத் தனியாகப் பதில் கீழே.

சிரப்பின் சாயம் துறுதுறுப்பைத் தூண்டுமா?

இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் ஜிம் ஸ்டீவன்சன் உள்ளிட்ட குழு செய்த ஆய்வு 2007இல் வெளியானது. மூன்று வயதுப் பிள்ளைகள் 153 பேர், எட்டு ஒன்பது வயதினர் 144 பேர். ஒரு வாரம் சாயமும் சோடியம் பென்சோயேட் என்ற பதப்பொருளும் கலந்த பழச்சாறு, இன்னொரு வாரம் அதே போலத் தோற்றமும் சுவையும் உள்ள வெறும் சாறு. எது எது என்று பெற்றோருக்கும் தெரியாது, கணக்கெடுத்தவர்களுக்கும் தெரியாது. சாயம் குடித்த வாரங்களில் துறுதுறுப்பு சற்றுக் கூடியது. விளைவு சிறியதுதான், பிள்ளைக்குப் பிள்ளை மிகவும் வேறுபட்டது. இருந்தாலும் சன்செட் யெல்லோ, டார்ட்ராசின், கார்மோய்சின், பொன்சோ 4ஆர், அலுரா ரெட், குயினோலின் யெல்லோ ஆகிய ஆறு சாயங்கள் சேர்ந்த உணவில் எச்சரிக்கை வாசகம் இருக்க வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2010 ஜூலை முதல் கட்டாயமாக்கியது.

ஹிஸ்டமினுக்கும் இதற்கும் என்ன தொடர்பு? அதே குழு 2010இல் அடுத்த கட்டுரையைப் போட்டது. மூளையில் ஹிஸ்டமினைச் செயலிழக்கச் செய்யும் எச்.என்.எம்.டி. என்ற நொதியின் மரபணுவில் சில மாறுபாடுகள் உள்ள பிள்ளைகளுக்குச் சாயத்தின் பாதிப்பு அதிகமாகத் தெரிந்தது. சாயம் ஹிஸ்டமினை வெளிவிடச் செய்து, மூளையால் அதை வேகமாக அப்புறப்படுத்த முடியாமல் போகிறது என்று இதற்கு விளக்கம் சொல்கிறார்கள். இந்தத் துறையில் எங்களுக்கு மிகவும் பிடித்த கண்டுபிடிப்பு இதுதான்: ஹிஸ்டமினும் துறுதுறுப்பும் ஒரே இடத்தில் சந்திப்பதை மருந்தே இல்லாமல் காட்டிவிட்டது.

அளவையும் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த ஆய்வில் மூன்று வயதுப் பிள்ளைகள் ஒரு நாளைக்குக் குடித்தது சாயம் 20 அல்லது 30 மி.கி., பென்சோயேட் 45 மி.கி. ஒரு சிரப்பில் பென்சோயேட் 0.1 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 5 மி.லி.யில் வருவது 5 மி.கி.தான். கலர் சோடாவும் ஜெல்லி மிட்டாயும் தாராளமாக வாங்கிக் கொடுத்துவிட்டுச் சிரப்பை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. நிறம் சேர்க்காத சிரப்போ வெள்ளை மாத்திரையோ கிடைத்தால் வாங்குங்கள், அது போதும்.

அளவு தப்பினால் என்ன ஆகும்? எங்கே தப்புகிறது?

சொட்டு மருந்துக்கும் சிரப்புக்கும் இடையில்தான் தப்புகிறது. மேலே சொன்ன சொட்டு மருந்தில் ஒரு மி.லி.க்கு 2 மி.கி. குளோர்பெனிரமின். சிரப்புகளில் 5 மி.லி.க்கே 1 அல்லது 2 மி.கி.தான். சின்ன பாட்டிலோடு வந்த ஃபில்லர் தொலைந்துபோய், பாட்டி ஸ்பூனால் ஊற்றிவிட்டால் பிள்ளையின் வயிற்றுக்குள் போவது 10 மி.கி. குளோர்பெனிரமின், 25 மி.கி. ஃபீனைல்எஃப்ரின். இரண்டு முதல் ஐந்து வயதுக்கு ஒரு நாள் முழுவதற்குமான குளோர்பெனிரமின் உச்ச அளவே 6 மி.கி. ஒரே ஸ்பூனில் அதையும் தாண்டியாயிற்று.

இன்னொரு வழி இரட்டிப்பு. காலையில் சளி சிரப், மதியம் இருமல் சிரப், ராத்திரி அரிப்புக்கு ஒன்று. மூன்று பாட்டில், மூன்று பெயர், மூன்றிலும் அதே குளோர்பெனிரமின். மருத்துவரிடம் போகும்போது வீட்டிலிருக்கும் பாட்டில்களை எல்லாம் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். பெயரைச் சொல்லி விளக்குவதைவிட இது சுலபம்.

செட்ரிசினுக்கு வழக்கமான அளவு: ஆறு மாதம் முதல் இரண்டு வயதுக்குள் ஒரு நாளைக்கு 2.5 மி.கி. ஒரு வேளை, இரண்டு முதல் ஐந்து வரை ஒரு நாளைக்கு அதிகபட்சம் 5 மி.கி.; ஆறு வயதுக்கு மேல் 5 முதல் 10 மி.கி. சிரப் பெரும்பாலும் ஒரு மி.லி.க்கு 1 மி.கி. சிறுநீரகக் கோளாறு உள்ள பிள்ளைக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. இரண்டு வயதுக்குக் கீழே எதையும் மருத்துவர் சொல்லாமல் கொடுக்க வேண்டாம். புரோமெத்தசின் அந்த வயதில் கூடவே கூடாது, மூச்சு அடங்கிப்போகும்.

இது வெறும் துறுதுறுப்பா, நஞ்சானதா என்று எப்படிப் பிரிப்பது?

சாதாரண கிளர்ச்சியில் பிள்ளை கூப்பிட்டால் திரும்பும், உங்களை அடையாளம் தெரியும், தண்ணீர் கேட்கும். நஞ்சானால் முகம் செக்கச் சிவந்து, தோல் சூடாக, ஆனால் வியர்வையே இல்லாமல் காய்ந்து இருக்கும். கண்மணி விரிந்து வெளிச்சத்துக்குச் சுருங்காது. நாக்கு வறண்டிருக்கும். மணிக்கணக்கில் சிறுநீர் போகாது. காற்றில் எதையோ பிடுங்குவது போலக் கையை ஆட்டும், இல்லாததைப் பார்த்துப் பேசும். வலிப்பும் வரலாம். இவற்றில் ஒன்றிரண்டு தெரிந்தாலே காத்திருக்க வேண்டாம்: இந்தியாவில் 108, இலங்கையில் 1990. வாந்தி எடுக்க வைக்காதீர்கள். பாட்டிலைக் கையோடு எடுத்துப் போங்கள்.

டைபென்ஹைட்ரமின் கிலோவுக்கு 7.5 மி.கி. அல்லது அதற்கு மேல் உள்ளே போயிருந்தால், அறிகுறி இல்லாவிட்டாலும் மருத்துவமனைக்குப் போயாக வேண்டும். 12 கிலோ குழந்தைக்கு அது 90 மி.கி.

சின்ன வயதில் அலர்ஜி மருந்து கொடுத்ததால் பிள்ளைக்கு ஏ.டி.எச்.டி. வந்துவிடுமா?

ஏ.டி.எச்.டி. என்பது கவனக்குறைவும் மிகையான துறுதுறுப்பும் சேர்ந்த கோளாறு. பெற்றோரை அதிகம் பயமுறுத்தும் கேள்வி இது. பதிலை ‘ஆம்’, ‘இல்லை’ என்று அடைக்க முடியாது.

கதை ஜெர்மனியில் தொடங்குகிறது. கரப்பான் (எக்ஸிமா என்ற தோல் அரிப்பு நோய்) உள்ள பிள்ளைகளிடம் ஏ.டி.எச்.டி. அதிகம் காணப்படுவதை டிரெஸ்டன் நகரின் யோகன் ஷ்மிட் குழுவினர் 2009இல் காட்டினார்கள். அடுத்த ஆண்டு, 13,318 ஜெர்மானியப் பிள்ளைகளின் தரவைப் பிரித்துப் பார்த்தபோது, கரப்பானோடு தூக்கக் குறைவும் சேர்ந்த பிள்ளைகளிடம் மட்டுமே அந்தத் தொடர்பு தெரிந்தது. அரிப்பில் ராத்திரி முழுக்கச் சொறிந்துகொண்டிருக்கும் பிள்ளை பகலில் எப்படிக் கவனமாக உட்காரும் என்று யோசித்தால், இது புரிந்துவிடும்.

2018இல் அதே குழு இன்னொன்றைக் கவனித்தது: கரப்பான் உள்ள பிள்ளைகளில், முன்பு ஆன்டிஹிஸ்டமின் எடுத்தவர்களிடம்தான் ஏ.டி.எச்.டி. அறிகுறிகள் கூடுதல். 2020இல் சாக்சனி மாநிலக் காப்பீட்டுத் தரவை வைத்து, கைக்குழந்தைப் பருவத்தில் இந்த மருந்துகளைப் பெற்றவர்களுக்குப் பள்ளி வயதில் ஏ.டி.எச்.டி. பதிவு அதிகம் என்றார்கள்.

இதிலுள்ள முடிச்சு இதுதான். கரப்பான் கடுமையாக இருந்த பிள்ளைக்குத்தான் மருந்து எழுதுகிறார்கள். அரிப்பு கடுமையானால் தூக்கம் கெடும். தூக்கம் கெட்டால் கவனம் கெடும். பிறவியிலேயே அடங்காத, தூங்காத குழந்தைக்குத்தான் ‘தூங்கட்டும்’ என்று சிரப் ஊற்றும் பழக்கமும் அதிகம். அதாவது ஏ.டி.எச்.டி.யின் முதல் அறிகுறியே மருந்து கொடுக்கக் காரணமாகியிருக்கலாம். காப்பீட்டுத் தரவில் இந்த வரிசை தெரியாது. எங்கள் கணிப்பு: அலர்ஜி மருந்து ஏ.டி.எச்.டி.யை உண்டாக்குகிறது என்று இதை வைத்து நிறுவ முடியாது. ஆனால் தேவையில்லாமல் கைக்குழந்தைக்கு முதல் தலைமுறை மருந்து கொடுப்பதை நிறுத்த இதுவே போதுமான காரணம்.

செட்ரிசின் மாதக்கணக்கில் கொடுக்கிறோம். அதுவும் அப்படித்தானா?

இங்கே சான்று நன்றாக இருக்கிறது. 1990களில் ஐரோப்பாவிலும் கனடாவிலும் நடந்த ஈடாக் என்ற ஆய்வில், கரப்பான் உள்ள 12 முதல் 24 மாதக் குழந்தைகள் 817 பேருக்குச் சீட்டுக் குலுக்கி, செட்ரிசின் கிலோவுக்கு 0.25 மி.கி. வீதம் தினம் இரு வேளை, அல்லது வெற்று மருந்து (மருந்துப் பொருள் இல்லாத போலி), 18 மாதம் கொடுத்தார்கள். அவர்களின் நடத்தை, அறிவு வளர்ச்சி, உடல் இயக்க வளர்ச்சியை ஆராய்ந்து 2002இல் எழுதியவரும் சவுத்தாம்ப்டனின் ஸ்டீவன்சன்தான். இரு தரப்புக்கும் வித்தியாசம் இல்லை. சீட்டுக் குலுக்கிப் பிரித்ததால், மேலே சொன்ன முடிச்சு இதில் விழவில்லை.

பல மாதம் தினமும் எடுத்த செட்ரிசின், லீவோசெட்ரிசினை நிறுத்தியதும் சில நாளில் கடும் அரிப்பு வரலாம் என்று எஃப்.டி.ஏ. 2025 மே மாதம் எச்சரித்தது. நிறுத்தியபின் பிள்ளை நிலைகொள்ளாமல் தவித்தால் அது அரிப்பாகவும் இருக்கலாம்.

படிப்பைப் பாதிக்குமா?

நெதர்லாந்தில் 1993இல் வெளியான ஆய்வில், மூக்கு அலர்ஜி உள்ள 10 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்குக் கணினிப் பாடம் நடத்தினார்கள். அலர்ஜியே படிப்பைக் குறைத்தது. டைபென்ஹைட்ரமின் இன்னும் குறைத்தது. லோராடடின் இழந்ததில் ஒரு பகுதியை மீட்டது. 2001இல் அமெரிக்காவில் செய்த சோதனையில் அந்த அளவுக்கு வித்தியாசம் தெரியவில்லை. பிரிட்டனில் 15 முதல் 17 வயது மாணவர்கள் 1,834 பேரைப் பார்த்த 2007 ஆய்வு சொன்னது: தேர்வு நாளில் அலர்ஜி அறிகுறி இருந்தவர்கள் மாதிரித் தேர்வைவிட ஒரு கிரேடு இறங்கும் வாய்ப்பு 40 சதவீதம் கூடுதல், தூக்கம் தரும் மருந்து எடுத்தவர்களுக்கு 70 சதவீதம். பொதுத்தேர்வுக் காலத்தில் மூக்கு ஒழுகும் பிள்ளைக்கு மருந்தே கொடுக்காமல் விடுவதும் தவறு, பழைய சிரப்பைக் கொடுப்பதும் தவறு.

பயணத்தில், ராத்திரியில் தூங்க வைக்கக் கொடுக்கலாமா?

வேண்டாம். அமெரிக்காவில் 6 முதல் 15 மாதக் குழந்தைகள் 44 பேரிடம் டைபென்ஹைட்ரமினைச் சோதித்தார்கள். தூக்கம் மேம்பட்டது மருந்து எடுத்த 22 பேரில் ஒருவருக்கு, வெற்று மருந்து எடுத்த 22 பேரில் மூவருக்கு. பயனில்லை என்று ஆய்வைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். 2006இல் வெளியானது.

பிள்ளைக்கு ஏற்கனவே ஏ.டி.எச்.டி. மருந்து ஓடுகிறது. அலர்ஜிக்கு என்ன கொடுப்பது?

ஏ.டி.எச்.டி.க்கு மெத்தில்ஃபெனிடேட் எடுக்கும் பிள்ளைக்கு லோராடடினோ ஃபெக்ஸோஃபெனடினோ பொதுவாகத் தொந்தரவு தருவதில்லை. ஃபெக்ஸோஃபெனடினைப் பழச்சாறோடு கொடுக்காதீர்கள், உடலில் சரியாக ஏறாது; தண்ணீர்தான். அட்டாமாக்ஸடின் என்ற இன்னொரு ஏ.டி.எச்.டி. மருந்து எடுக்கும் பிள்ளை என்றால் டைபென்ஹைட்ரமினைத் தவிர்ப்பது நல்லது. அட்டாமாக்ஸடினை உடைப்பதும் அதே சைப் 2டி6தான். டைபென்ஹைட்ரமின் அந்த நொதியைத் தடுக்கும்.

ஒரு விதிவிலக்கு சைப்ரோஹெப்டடின். மெத்தில்ஃபெனிடேட்டால் பசி செத்து எடை இறங்கும் பிள்ளைகளுக்கு, மருத்துவர்களே இந்தப் பழைய மருந்தை இரவில் எழுதுவதுண்டு. 2004இல் வந்த ஒரு சிறு தொகுப்பில் 21 பிள்ளைகள் இரவில் 4 முதல் 8 மி.கி. எடுத்து எடை கூடினார்கள். தூக்கமும் சிலருக்கு நேரானது. வெற்று மருந்தோடு ஒப்பிட்ட சோதனை அல்ல அது.

சிரப்தான் காரணமா என்று வீட்டில் எப்படித் தெரிந்துகொள்வது?

ஒரு நோட்டில் நான்கு பத்தி போடுங்கள்: மருந்து கொடுத்த நேரமும் மி.லி. அளவும், தூங்கிய மணிநேரம், அரிப்பு அல்லது மூக்கடைப்புக்கு 0 முதல் 3 வரை மதிப்பெண், துறுதுறுப்புக்கு 0 முதல் 3 வரை மதிப்பெண். துறுதுறுப்பை ஒரு நாளில் நான்கு முறை குறியுங்கள். அதில் ஒன்று மருந்து கொடுத்த இரண்டு மணி நேரத்துக்குள் இருக்கட்டும். ஐந்து நாள் இப்படி. பிறகு மருத்துவரிடம் கேட்டு மருந்தை மட்டும் இரண்டாம் தலைமுறைக்கு மாற்றி, இன்னொரு ஐந்து நாள். சாப்பாடு, தூங்கும் நேரம், டிவி எதையும் அந்தப் பத்து நாளில் மாற்றாதீர்கள். இரண்டை ஒரே நேரத்தில் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான். காய்ச்சல் வந்த நாட்களைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

முடிந்தால், மருந்து மாறியதைச் சொல்லாமல் ஆசிரியையிடம் ஒரு மதிப்பெண் வாங்குங்கள். துறுதுறுப்பு, மருந்து கொடுத்த சில மணி நேரத்தில் ஏறி அடுத்த நாள் அடங்குகிறது என்றால் மருந்துதான். மருந்து இருந்தாலும் இல்லாவிட்டாலும் வீடு, பள்ளி இரண்டிலும் ஆறு மாதமாக ஒரே மாதிரி என்றால், சிரப்பை விட்டுவிட்டுக் குழந்தை வளர்ச்சி மருத்துவரைப் பாருங்கள். அந்த நோட்டையும் எடுத்துப் போங்கள்.